விலைச்சீட்டு இல்லாத விண்கலம்

ஸ்பேஸ் இம்பாக்ட் என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் பலர் விழிப்பார்கள். "பாம்பு கேமுக்குப் பக்கத்துல இருக்குமே, அந்த ராக்கெட் கேம்" என்றால் உடனே முகம் மலரும். பழைய நோக்கியா போனின் திரையில், இடது ஓரமாக, அரிசி மணி அளவுக்கு ஒரு கலம் மிதக்கும். உலகம் வலப்பக்கத்திலிருந்து தானாக நகர்ந்து வரும். அதை நிறுத்தவோ விரட்டவோ ஆடுபவருக்கு உரிமை கிடையாது. ஒதுங்க வேண்டும், சுட வேண்டும், மறுபடி ஒதுங்க வேண்டும். எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் மற்றவற்றைவிடப் பெரிதாக ஓர் எதிரி, பாதி இயந்திரமும் பாதி பிராணியுமாக, வழிமறித்து நிற்கும்.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர் என்றும் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும் அறியப்பட்டிருந்த இடம், 2006 முதல் எட்டு ஆண்டுகளுக்கு 'நோக்கியா ஊர்' ஆகவும் இருந்தது. அங்கே தயாரான போன்கள் சிலவற்றில் இந்த ஆட்டமும் ஏறிப் போனது. போனுக்கு விலை உண்டு, பேட்டரிக்கு விலை உண்டு, சார்ஜருக்கும் உண்டு. ஆட்டத்துக்கு மட்டும் யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. அதைச் சுமந்த மென்பொருளுக்கு விலை உண்டா, அந்த விலை எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்வி பின்னாளில் வருமான வரித்துறைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே வந்து நின்றது. இரண்டு கதைகளும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் போகின்றன என்று பார்ப்பதே இங்கே என் வேலை.

முதலில் வம்சாவளி. பக்கவாட்டில் நகரும் விண்கலச் சண்டை ஆட்டங்கள் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரங்களில் பிறந்தவை. 1981இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனம் 'டிஃபெண்டர்' ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஜப்பானின் கோனாமி வெளியிட்ட 'ஸ்கிராம்பிள்' ஆட்டத்தில்தான் திரை தானாக நகர்ந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும் முறை வேரூன்றியது. 1985இல் அதே கோனாமியின் 'கிரேடியஸ்' வந்தது. இந்த வகையின் ரசிகர்கள் இன்றும் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது அதைத்தான். 1987இல் ஐரெம் நிறுவனத்தின் 'ஆர்-டைப்'. இவற்றுக்குப் பிறகு வந்த எல்லாமே இந்த நால்வரில் யாரோ ஒருவருடைய பிள்ளையோ பேரனோதான்.

கிரேடியஸ் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் தாண்ட மனமில்லை. முதலில் அது காந்தக் குமிழி நினைவகம் என்ற விசித்திரமான சேமிப்பு முறையில் வெளிவந்தது. குமிழி நினைவகம் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே இயந்திரத்தைப் போட்டதும் ஆட்டம் வராது. எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிவர, ஓர் இசை ஓடும். சூடு ஏறிய பின்தான் கலம் புறப்படும். கடை திறக்கும் நேரத்தில் கேட்பதால் ஜப்பானிய ரசிகர்களிடம் அதற்குக் 'காலை இசை' என்று பெயர். வால்வு ரேடியோவைத் திருகிவிட்டு, குரல் வரும்வரை காத்திருந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புரியும்.

தமிழ்நாட்டுக்கு கிரேடியஸ் நேர்வழியில் வரவில்லை. காசு போட்டு ஆடும் இயந்திரங்களை நம்மில் பெரும்பாலோர் பொருட்காட்சியில் எட்டிப் பார்த்ததோடு சரி. தொண்ணூறுகளில் வந்தது 'டிவி கேம்': ஜப்பானிய நின்டெண்டோவை நகலெடுத்த மலிவுப் பெட்டி, லட்சக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாகப் பொய் சொல்லும் மஞ்சள் கேசட். அதில் நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து ஆடியது 'கான்ட்ரா'. அதில் 30 உயிர் வாங்கித் தரும் பொத்தான் வரிசை அண்ணன்மார் தம்பிமாருக்குச் சொல்லித்தரும் மந்திரமாக இருந்தது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என்று தொடங்கும். அந்த மந்திரம் கான்ட்ராவுக்காக எழுதப்பட்டதில்லை. கிரேடியஸை 1986இல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றிய கஸுஹிஸா ஹஷிமோட்டோ, ஆட்டம் தனக்கே கடினமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க வசதியாக உள்ளே வைத்தது அது. எடுக்காமலே வெளியாகிவிட்டது. கிரேடியஸைக் கண்ணால் காணாத ஊர்களில்கூட அதன் திறவுகோல் மட்டும் புழங்கியது.

கலம் நம் கைக்கு வந்து சேர்ந்தது போன் வழியாக. 2000 செப்டம்பரில் நோக்கியா 3310 அறிவிக்கப்பட்டது. உள்ளே நான்கு ஆட்டங்கள்: ஸ்நேக் 2, பேர்ஸ் 2, பான்டுமி, ஸ்பேஸ் இம்பாக்ட். பான்டுமி நம் பல்லாங்குழியின் ஆப்பிரிக்க உறவுக்காரன். குழிகளையும் காய்களையும் பார்த்தவுடன் பாட்டிகள் அடையாளம் கண்டிருப்பார்கள். யாரும் அவர்களிடம் போனைக் கொடுக்கவில்லை.

3310இன் திரையில் குறுக்கே 84 புள்ளிகள், நெடுக்கே 48. மொத்தம் 4,032. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெறுமை. நடுவே சாம்பல்கூடக் கிடையாது. கிரேடியஸ் இயந்திரத்தின் திரை 256க்கு 224, அதுவும் வண்ணத்தில். புள்ளிக் கணக்கில் மட்டும் 14 மடங்கு. மொத்தப் படத்தையும் வைத்துக்கொள்ள 3310 திரைக்குத் தேவைப்பட்ட நினைவகம் 504 பைட். இந்தப் பத்தியைத் தமிழில் சேமிக்கவே அதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு இடம் வேண்டும்.

இவ்வளவு குறுகிய இடத்தில் பக்கவாட்டு விண்கல ஆட்டம்தான் பொருந்தும் என்று ஒருவருக்குத் தோன்றியதை நான் சாமர்த்தியம் என்பேன். திரை அகலமானது, உயரம் குறைவு. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போல மேலிருந்து எதிரி இறங்கும் ஆட்டத்தை வைத்தால் நாலு அடி எடுத்து வைப்பதற்குள் தரைக்கு வந்துவிடுவான். பக்கவாட்டில் வந்தால் 84 புள்ளி தூரம் இருக்கிறது. பார்க்க, பயப்பட, ஒதுங்க நேரம் கிடைக்கும்.

இன்னொரு காரணம் திரையின் உள்ளமைப்பில் இருக்கிறது. அந்தத் திரையை இயக்கிய சில்லு, படத்தை ஆறு வரிசைகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு வரிசையும் எட்டுப் புள்ளி உயரம். ஒரு பைட் என்பது செங்குத்தாக நிற்கும் எட்டுப் புள்ளிகள். படத்தை இடப்பக்கம் நகர்த்த, ஒவ்வொரு பைட்டையும் அப்படியே தூக்கிப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தால் முடிந்தது. மேலே கீழே நகர்த்துவதென்றால் ஒவ்வொரு பைட்டையும் உடைத்து, மேல் வரிசைக்குக் கொஞ்சம், கீழ் வரிசைக்குக் கொஞ்சம் என்று பங்கு போட வேண்டும். ஆட்டத்தை எழுதியவர்கள் இதை எண்ணித்தான் பக்கவாட்டைத் தேர்ந்தார்கள் என்பதற்கு என்னிடம் சான்றில்லை. மரத்தின் இழை போகும் திசையில் தச்சர் இழைப்புளியைத் தள்ளுவதுபோல, திரையின் இழை போகும் திசையிலேயே ஆட்டமும் போகிறது என்பது மட்டும் தெரிகிறது.

சில கட்டங்களில் திரை தலைகீழாக மாறி, பின்புலம் கறுத்து, கலமும் எதிரியும் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். இருக்கும் இரண்டே நிறங்களை இடம் மாற்றிப் போட்டதில் ராத்திரி வந்துவிட்டது. அந்தக் காலத் திரவப் படிகத் திரை மெதுவாகத்தான் மாறும்; ஓடும் எதிரிக்குப் பின்னால் அழியாத நிழல் ஒன்று இழுபடும். குறைதான். விண்வெளிக்கு அது பொருந்தியும் போனது.

பின்னால் வண்ணத் திரைகள் வந்தபோது இந்த ஆட்டமும் வண்ணம் பூசிக்கொண்டது. 2008இல் நோக்கியாவின் என்-கேஜ் விளையாட்டுத் தளத்துக்கு 'ஸ்பேஸ் இம்பாக்ட்: காப்பா பேஸ்' வரை போனார்கள். என் தனிப்பட்ட கருத்து: வண்ணம் வந்ததும் அது பத்தோடு பதினொன்று ஆனது. 4,032 புள்ளிகளுக்குள் இருந்தபோது அதற்கு இருந்த முகம் பிறகு இல்லை.

நம் ஊர் ரசிகர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஆட்டம் வந்தது 3310இல் அல்ல, 1100இல். 2003 ஆகஸ்டில் வந்த 1100, நம்மைப் போன்ற நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. தூசி புகாத கீபேட், வியர்த்த கையிலிருந்து வழுக்காத பக்கவாட்டுப் பிடி, உச்சியில் ஒரு டார்ச். மின்வெட்டு நேரத்தில் கிணற்றடிக்குப் போக அதுவே விளக்கு. உள்ளே ஸ்நேக் 2 இருந்தது. 'ஸ்பேஸ் இம்பாக்ட் பிளஸ்' இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் இது. 3310 விற்றது 12.6 கோடி. விளையாட்டுப் பெட்டிகளில் மிக அதிகம் விற்ற பிளேஸ்டேஷன் 2 சுமார் 16 கோடி. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினால், கிரேடியஸ் கனவிலும் காணாத கூட்டத்தின் சட்டைப் பைக்குள் அதன் பேரன் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்றுதான் சொல்ல முடியும். பலர் பாம்பை மட்டும் ஆடிவிட்டு, கீழே இருந்த இன்னொரு பெயரைத் திறந்தே பார்க்கவில்லை.

2003 மே மாதம் முதல் இந்தியாவில் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லாமல் போனது. அதன்பின் போன் என்பது அடிக்கடி ரீசார்ஜ் செய்யாமலும் வைத்திருக்கக்கூடிய பொருள் ஆனது. பேலன்ஸ் பூஜ்யமானாலும் அப்போது அதில் மூன்று காரியங்கள் நடக்கும்: அழைப்பு வரும், டார்ச் எரியும், கேம் ஓடும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் போனில் என் அப்பா யாரையும் கூப்பிட விடமாட்டார். ராக்கெட் கேம் ஆட மட்டும் தடையில்லை. அதற்குக் காசு போகாது என்று அவருக்குத் தெரியும். 2011க்குப் பிறகு தமிழக அரசு 'இலவச' என்ற சொல்லை விட்டுவிட்டு 'விலையில்லா' என்று எழுத ஆரம்பித்தது: விலையில்லா மிக்ஸி, விலையில்லா மடிக்கணினி. அந்தச் சொல் இந்த ஆட்டத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். இதற்குக் குறைந்த விலைகூடக் கிடையாது. விலை என்ற பேச்சே அதன் பக்கம் வரவில்லை.

இனி ஸ்ரீபெரும்புதூர். 2005 ஏப்ரலில் தமிழக அரசும் நோக்கியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. சிப்காட் நிலத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம். அதற்குள்ளேயே சார்ஜர் செய்யும் சால்காம்ப் போன்ற துணை நிறுவனங்கள். உச்சத்தில் நோக்கியாவில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர். பெரும்பாலோர் இளம்பெண்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வந்தவர்கள். கம்பெனி பஸ் விடியும் முன்பே கிராமத்து முக்குகளில் வந்து நிற்கும். ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது முதல் சம்பளம், முதல் வங்கிக் கணக்கு, பலருக்குக் கல்யாணத்தை ஓரிரு வருடம் தள்ளிப்போடக் கிடைத்த சாக்கு. வேகத்தின் விலையும் அங்கே இருந்தது. 2010 அக்டோபர் இறுதியில் அங்கே ஓர் இளம் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார்.

போன் எப்படி உருவாகிறது என்பதில் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. பலகையில் சில்லுகளை இயந்திரம் ஒட்டும். திரை, கீபேட், மூடி எல்லாம் கைகள் வழியே போகும். மென்பொருளை மட்டும் யாரும் தொட்டு வைப்பதில்லை. கம்பியை இணைத்தால் பின்லாந்திலிருந்து வந்த நிரல் போனின் நினைவகத்தில் இறங்கிவிடும். அழைப்பு எடுக்கும் நிரல், குறுஞ்செய்தி, அலாரம், பாம்பு, விண்கலம் எல்லாமே ஒரே மூட்டையில். கேசட் போலத் தனியே பிடுங்கி எடுக்க முடியாது.

இங்கே உணர்ச்சிவசப்பட்டு ஒரு பொய் சொல்லிவிடலாம்: ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்கள் கோடிக்கணக்கான விண்கலங்களை உலகுக்கு அனுப்பினார்கள் என்று. கணக்கு அப்படி வரவில்லை. ஆலை திறந்த நேரத்தில் 1100க்கு வயது இரண்டரை. அது அங்கே தயாரானது உண்மை. பேட்டரியைக் கழற்றினால் கீழே 'மேட் இன் இந்தியா' என்ற ஒட்டுச்சீட்டைக் காணலாம். ஆனால் அதன் இடத்தை 1110, 1600 போன்ற புது மாடல்கள் வேகமாகப் பிடித்தன. அவற்றில் பாம்பு 'ஸ்நேக் ஸென்ஸியா' என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது, கலம் இல்லை. ஆலை வளர வளர ஆட்டம் தேய்ந்தது. இரண்டின் ஆயுளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது ஒரு குறுகிய காலத்தில்தான்.

அந்த மென்பொருள் மூட்டை 2013இல் தலைப்புச் செய்தியானது. ஜனவரியில் வருமான வரித்துறையினர் ஆலைக்குள் நுழைந்தார்கள். மார்ச்சில் 2,080 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. விவகாரத்தின் சாரம் இது: போனில் ஏற்றும் மென்பொருளுக்காக இந்திய நோக்கியா பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகளாகப் பணம் அனுப்பியிருந்தது. ஒரு பொருளை வாங்கியதற்கான விலை அது என்றால் ஒரு கணக்கு. நகலெடுத்துப் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணம், அதாவது ராயல்டி என்றால் வேறு கணக்கு. அனுப்பும்போதே வரி பிடித்திருக்க வேண்டும். துறை சொன்னது இரண்டாவதை. நிறுவனம் தவறேதும் இல்லை என்றது.

பத்திரிகைகள் கோடிகளைப் பற்றித்தான் எழுதின. எனக்குக் கேள்விதான் சுவாரசியமாக இருக்கிறது. திருகாணிக்கு என்ன விலை என்று யாரும் சண்டை போடவில்லை. ஆலைக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல், எடையே இல்லாமல் நுழைந்த ஒன்று பொருளா, உரிமையா என்பதில்தான் சண்டை. அந்த ஒன்றுக்குள் ஒரு மூலையில் பாம்பும், ஆரம்ப ஆண்டுகளில் விண்கலமும் இருந்தன. வாங்கியவரைக் கேட்டால் 'கேம் ஃப்ரீ' என்றிருப்பார். பொருளா, உரிமையா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில், வேறு நிறுவனங்கள் தொடர்ந்த வழக்குத் தொகுப்பில் ஒரு பதில் தந்தது: உரிம நகலாக வாங்கி விற்கும், பயன்படுத்தும் மென்பொருளுக்குக் கொடுக்கும் தொகை ராயல்டி ஆகாது என்று. நோக்கியா அதுவரை காத்திருக்கவில்லை. 2018லேயே இந்திய, பின்லாந்து அரசுகள் பேசி முடித்து, நிறுவனம் சுமார் 20 கோடி யூரோ கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

ஆலைக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 2013 செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. வரித்துறை சொத்துகளை முடக்கியது. ஆலையை மாற்றித்தர வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்வரை போயும் மாறவில்லை. மாநில அரசும் விற்பனை வரி கேட்டுத் தனியாக நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஏப்ரல் 25 அன்று விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் வெளியே நிறுத்தப்பட்டது. விருப்ப ஓய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இருபதுகளில் இருந்தவர்களுக்கு ஓய்வு! கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று அதுவும் நின்றது.

வரிச் சண்டை மட்டுமே ஆலையை மூடியது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொடுதிரைப் போன்கள் வந்த பிறகு நோக்கியாவின் சந்தையே சரிந்துகொண்டிருந்தது. பொத்தான் போன் செய்யக் கட்டிய ஆலைக்குப் பொத்தான் போகும் காலம் ஆபத்துதான். வழக்கு செய்தது இதுதான்: தப்பிக்க இருந்த ஒரே கதவையும் பூட்டியது.

காலியாகக் கிடந்த அந்த ஆலையை வாங்கப்போவது சால்காம்ப் என்று 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அதே வளாகத்தில் நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்துகொடுத்த நிறுவனம், போன் ஆலையையே வாங்கியது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறும் பெண்கள் கையில் இருக்கும் போனில் பெரும்பாலும் ஆட்டம் கூடவே வருவதில்லை. தரவிறக்க வேண்டும், விளம்பரம் பார்க்க வேண்டும், உயிர் போனால் காசு கட்டி வாங்க வேண்டும்.

ஸ்பேஸ் இம்பாக்ட் விலையில்லாமல் வந்ததால் அதை நேசிப்பவர்களுக்கு ஒரு சிக்கல். கிரேடியஸ் ரசிகர் அசல் பலகையைத் தேடி வாங்கலாம். ஆர்-டைப் ரசிகருக்குப் பெட்டி கிடைக்கும், கேசட் கிடைக்கும். விலை இருந்த பொருளுக்குச் சேகரிப்பவர் இருப்பார். விலையே இல்லாமல் போனுக்குள் கரைந்து கிடந்த ஆட்டத்தை எதைக் கொண்டு சேகரிப்பது? நோக்கியா பெயரில் 2017இல் மறுபடி வந்த 3310இல் பாம்பைக் கொண்டுவந்தார்கள்; கலத்தை விட்டுவிட்டார்கள். ரசிகர்கள்தான் புள்ளி புள்ளியாக எண்ணி, எதிரி வரும் வரிசையைக் குறித்து, கணினியிலும் புதுப் போன்களிலும் ஓடும்படி மறுபடி எழுதியிருக்கிறார்கள். 84க்கு 48 திரை மட்டும் தனிப்பொருளாகப் பிழைத்துக்கொண்டது. சென்னை ரிச்சி தெருவில் 'நோக்கியா டிஸ்ப்ளே' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பொறியியல் மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கிப்போய் வெப்பநிலை காட்டப் பயன்படுத்துகிறார்கள்.

1100இன் பேட்டரியும் பிழைத்திருக்கிறது. பிஎல்-5சி என்ற அதே பேட்டரி, நடைபாதையில் விற்கும் சின்ன எஃப்எம் ரேடியோக்களுக்கும் பொருந்துவதால் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அலமாரியில் கிடந்த எங்கள் 1100க்குப் போன மாதம் ஒன்று வாங்கிப் போட்டேன். திரையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டன, மணி கேட்டது, தேதி கேட்டது. ஆட்டத்தைத் திறந்தால் அதிகபட்சப் புள்ளி அழியாமல் இருக்கிறது. கிரேடியஸ் இயந்திரத்தில் ஜெயித்தவர் தன் பெயரைப் பதித்துவிட்டுப் போகலாம். இதில் அதற்கு இடம் வைக்கவில்லை. அந்த எண் அப்பா எடுத்ததா, தம்பி எடுத்ததா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.